ட்ராக்கிங் நம்பருக்குப் பதிலாகச் சிவா அண்ணை

தபால்கந்தோரில் பார்சலைக் கொடுத்தால் பற்றுச்சீட்டுத் தருவார்கள். சிவா அண்ணையிடம் கொடுத்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு, "யோசியாதை தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டில் எது நம்பிக்கையானது என்று போன வருடம் கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சிவா அண்ணை என்றுதான் சொல்லியிருப்பேன். (இத்தனைக்கும் நான் வணிகக் கல்வி படிப்பிக்கிறவள். பொருட்களை அனுப்பும் முறைகள், அவற்றின் நன்மை தீமைகள் என்று கரும்பலகையில் கோடு கீறி எழுதுகிறவள். என்னிடம் படித்த பிள்ளைகள் தயவுசெய்து இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுங்கள்.)

என் மகள் தாரணிக்குப் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போனது. "அரசாங்க வேலைக்கு எழுதிப் போடு" என்று நானும் அவளுடைய அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று அரித்துக்கொண்டிருக்க, அவள் சத்தமில்லாமல் வெளிநாட்டு இணையச் சந்தை ஒன்றில் கடை திறந்தாள். நடனமாடும் பிள்ளைகள் கொண்டைக்கு வைக்கிற துணிப்பூச் சரமும் சடைக்குஞ்சமும்தான் சரக்கு. எல்லாம் எங்கள் இணுவில் வீட்டு முன்னறையில் அவளே தைத்தவை. வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டார்கள். நான் காலையில் பிரஷர் பார்ப்பது போல அவள் நட்சத்திரம் பார்ப்பாள். என் பிரஷர் ஏறினால் கவலை, அவளுடையது ஏறினால் சந்தோசம். பரீட்சை தராத மரியாதையை அந்தக் கடை அவளுக்குத் தந்தது.

ஒருமுறை ஜெர்மனிக்குப் போன பார்சல், "கொழும்பிலிருந்து புறப்பட்டது" என்ற வரியோடு திரையில் உறைந்து நின்றது. ஆசிரியர் அறையிலிருந்து அந்த வரியை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்பது அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருக்கும். வாங்கியவர் முறைப்பாடு போட்டார். கடைசியில் பொருள் போய்ச் சேர்ந்தது. ட்ராக்கிங் இலக்கம் இருந்தபடியால் தீர்ப்பு தாரணியின் பக்கம் விழுந்தது. அவளைக் காப்பாற்றியது அந்த இலக்கம். அந்தச் சம்பவத்திலிருந்து நான் படித்துக்கொண்ட பாடமோ, தபாலை நம்பக்கூடாது என்பது.

பிறகுதான் டொரன்டோவிலிருந்து நிர்மலா என்பவரின் ஓடர் வந்தது. மூத்த மகளுக்கு அரங்கேற்றமாம். பெயரைப் பார்த்ததும், "எங்கடை ஆக்கள்" என்று எனக்கு ஒரு நிம்மதி. தாரணி பெட்டியைக் கட்டி என் கையில் தந்தாள்.

"அம்மா, பள்ளிக்கூடம் போற வழியிலை தபாலிலை போட்டுவிடுங்கோ. பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ. மறந்திடாதேங்கோ."

மறக்கவில்லை. அதைவிட மோசமாக, யோசித்தேன். சந்தியில் சிவா அண்ணை நின்றார். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர். அன்று இரவு கட்டுநாயக்காவில் பிளேன் ஏறி டொரன்டோவிலுள்ள மகனிடம் போகிறாராம். கடவுளே கண் திறந்தார் என்று நினைத்தேன். (கடவுள் கொட்டாவிதான் விட்டிருக்கிறார்.)

"அண்ணை, சின்னப் பெட்டி ஒண்டு. கொண்டுபோவியளே?"

"உதென்ன கேள்வி தங்கச்சி? நிறை இருக்கே?"

"பூ அண்ணை. துணிப்பூ."

"பூவெண்டால் என்ரை தலையிலை வைச்செண்டாலும் கொண்டுபோவன்."

பின்னேரம் தாரணி கேட்டாள். "அம்மா, ட்ராக்கிங் நம்பர்?"

"நம்பர் என்னத்துக்கு? ஆளே போகுது. சிவா அண்ணையின்ரை கனடா நம்பர் கிடக்கு, எப்பவும் எடுத்துக் கேக்கலாம்."

அவள் சத்தம் போடவில்லை. "அம்மா, அது என்ரை பேரிலை இருக்கிற கடை" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

கட்டுநாயக்காவில் சிவா அண்ணையின் பெட்டி நிறை கூடிவிட்டது. மகனுக்குக் கொண்டுபோன மிளகாய்த்தூளையும் ஒடியல்மாவையும் அவர் கைவிடுவாரா? வரிசையில் பின்னால் நின்ற பருத்தித்துறை அம்மா ஒருவரிடம் எங்கள் பூப்பெட்டியைக் கொடுத்து, "டொரன்டோவிலை இறங்கி வாங்கிறன்" என்றிருக்கிறார். அந்த அம்மா டொரன்டோவில் இறங்கினார். அங்கே காத்து நின்ற மருமகனின் காரில் ஏறி, நேரே மொன்றியலுக்குப் போய்விட்டார்.

இதன் பிறகு எங்கள் ட்ராக்கிங் சிவா அண்ணையின் தொலைபேசியில் நடந்தது. "இப்ப மருமகனின்ரை காருக்கை கிடக்காம்." "இப்ப வீட்டுக்குள்ளை எடுத்து வைச்சாச்சாம்." திரையில் வரும் தகவலைவிட எவ்வளவு விபரமானது! ஒரே குறை, பெட்டி நகரவில்லை. கனடாவுக்குள்ளே தபாலில் போடச் சொல்லுங்கள் என்று தாரணி மன்றாடினாள். சிவா அண்ணை கேட்டுவிட்டுப் பதில் கொண்டுவந்தார். "அவ சொல்லுறா, தபாலை நம்பேலாதாம். கலியாணம் ஒண்டுக்கு இஞ்சை வரேக்கை கையிலையே கொண்டு வாறாவாம்."

கடலுக்கு அப்பாலும் என்னைப் போல ஒருத்தி.

நிர்மலா முறைப்பாடு போட்டா. எங்கடை ஆள்தானே, கதைத்தால் விளங்கும் என்று நானே தொலைபேசி எடுத்தேன். அவவின் குரலில் தேன்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. சாமான் வரேல்லை எண்டு போட்டனான்தான். அது உங்களுக்கு எதிரா இல்லை அக்கா, அந்தக் கொம்பனிக்கு."

கொம்பனி எங்களிடம் விளக்கம் கேட்ட அன்று தாரணி துணி வாங்கக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் போகிற பிள்ளையைப் பதறவைப்பானேன் என்று வீட்டுக் கணினியில் கடையை நானே திறந்தேன். ட்ராக்கிங் இலக்கம் எழுத ஒரு பெட்டி இருந்தது. வெறுமையாக விட்டால் தோற்றுவிடுவோம் என்று தோன்றியது. சிவா அண்ணையின் தொலைபேசி இலக்கத்தை அதில் எழுதினேன். கீழே ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் எழுதினேன். சிவா அண்ணை ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளர், கோயில் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பு அவருடையது, ஒழுக்கமான குடும்பம். சந்தியில் கொடுத்தபோது நான் எடுத்த, அவர் பெட்டியோடு நிற்கும் படத்தையும் இணைத்தேன். மாணவி எழுதியிருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பேன்.

பதில் உடனே வந்தது. அப்படி ஒரு பார்சல் உலகத்தில் இல்லை, போலி இலக்கம் கொடுக்கப்பட்டுள்ளது, கடை நிரந்தரமாக மூடப்படுகிறது. தாமதத்தை மன்னித்திருப்பார்கள், போலியை மன்னிக்கமாட்டார்களாம்.

கொழும்பிலிருந்து திரும்பிய தாரணி துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை. மேன்முறையீடு போட்டாள். அதற்கும் அதே பதில். "அம்மா உனக்கு நல்லதுதான் நினைச்சனான்" என்றேன். "ஓம் அம்மா" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அரங்கேற்றம் முடிந்து, கலியாணமும் வந்து, பருத்தித்துறை அம்மா சொன்னபடி கொண்டுவந்த பெட்டி நிர்மலாவின் கைக்குப் போனது. கொண்டுபோன சிவா அண்ணைக்குப் புட்டும் இறால் குழம்பும் வைத்து அனுப்பினாவாம். எங்களுக்குச் சொக்லேட் பை ஒன்றைக் கொடுத்துவிட்டா. அது ஒரு மூலையும் நசியாமல் சிவா அண்ணையின் கையோடு இணுவிலுக்கு வந்து சேர்ந்தது. முறைப்பாட்டை மட்டும் மீளப்பெறவில்லை. அது கொம்பனிக்கு எதிரானது அல்லவா.

சில மாதங்களில் அவவே தொலைபேசி எடுத்தா. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வீடு முழுக்கக் கேட்டது.

"அக்கா, பூவெண்டால் உங்கடை மகள் செய்த பூத்தான். சின்னவளுக்கும் அரங்கேற்றம் வருது. கடையைத் தேடித் தேடிப் பாக்கிறன், காணேல்லை. நல்லாப் போன கடையெல்லோ, ஏன் மூடிப்போட்டியள்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வாசகம். என் கணவர் பாலைப் பொங்கவிட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு, "தேத்தண்ணி எங்கை?" என்று கேட்டால் நான் சொல்வேன், "ஏன் மூடிப்போட்டியள்?" கொழும்பிலிருந்து வரும் உறவினர்கூட இப்போது அதைச் சொல்கிறார்கள்.

தாரணிக்குப் பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. நாங்கள் கேட்டதுதான். போன ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னறையில் சும்மா இருந்தாள். மனம் கேளாமல் நான் வாயைத் திறந்தேன்.

"பிள்ளை, முந்தி எவ்வளவு வடிவாத் தைப்பாய். உந்த மிசினிலை இருந்து ஏதும் தையன். ஏன் விட்டனி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிர்மலாவின் அதே தேன் குரல்.

"ஏன் அம்மா மூடிப்போட்டியள்?"

அவளுடைய அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? தையல் மிசினின் உறையை மட்டும் அவள் கழற்றவில்லை.