மத்தியானச் சங்கு

ஒரு காட்டில் மேடு நிறைய இருந்தது. ஆனால் மிருகங்கள் எல்லாம் ஆற்றோரப் பள்ளத்தில்தான் குடியிருந்தன. தண்ணீர் பக்கம், மண் பொலபொலப்பு, வளை தோண்டச் சுலபம். சில வருடங்களுக்கு ஒருமுறை ஆறு வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

போன வெள்ளத்தின்போது சேதி சொல்ல ஒரு மானை அனுப்பினார்கள். மான் ஓடியது. நல்ல ஓட்டம். நேராக மேட்டுக்கு ஓடிப்போய், அங்கே பத்திரமாக நின்றுகொண்டு சேதி சொன்னது. கீழே யாருக்கும் கேட்கவில்லை. இனி மிருகத்தை நம்பிப் பயனில்லை, மின்சாரத்தைத்தான் நம்ப வேண்டும் என்று சிங்கராஜா முடிவு செய்தார். உச்சிப்பாறையில் ஒரு பெரிய மின்சங்கு வந்து உட்கார்ந்தது. வெள்ளம் வந்தால் அதை ஊத வேண்டும். ஊதினால் எல்லோரும் மேடேற வேண்டும். அசையாமல் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிற வேலைக்கு ஆமையை விட்டால் ஆள் ஏது? ஏகாம்பரம் என்ற ஆமையை நியமித்தார்கள். யானை தூக்கிக்கொண்டு போய்ப் பாறையில் வைத்துவிட்டு வந்தது.

சங்கை மாட்டிய மெக்கானிக் ஒரு நீர்நாய். சும்மா கிடந்தால் மோட்டார் இறுகிவிடும், தினமும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. நல்ல யோசனைதான். ராஜா மத்தியானம் பன்னிரண்டு மணி என்று நேரம் குறித்தார். வினை அங்கேதான் பிடித்தது.

கொஞ்ச நாளில் பள்ளமே சங்குக்குச் சாப்பிடப் பழகிவிட்டது. பிறகு அது சம்பிரதாயம் ஆகிவிட்டது. சங்குக்கு முன்னால் சாப்பிட்டால் செரிக்காது என்றார்கள். அப்படிச் சாப்பிடுகிற வீட்டோடு யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. வேலப்பன் என்ற கரடி மட்டும் திருட்டுத்தனமாகத் தேன் நக்கும். அதற்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பாறை மேலே ஏகாம்பரத்துக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஆற்றங்கரை வளையில் செங்கமலம் என்ற முள்ளம்பன்றி இருந்தது. அதன் அடுப்புப் புகைதான் ஆமைக்குத் துணை. செங்கமலத்துக்குப் போன வாரம்தான் இரட்டைக் குட்டி பிறந்திருந்தது. காலையில் புகை எழுந்தால், சரி, பிள்ளை பெற்றவள் எழுந்துவிட்டாள் என்று ஆமைக்கு ஒரு நிம்மதி.

அன்றைக்குப் பள்ளத்தில் வெறும் தூறல். அந்தத் தூறலுக்கே செல்போன் டவர் வழக்கம்போலப் படுத்துவிட்டது. ஆனால் மேற்கே மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டுவதை ஆமை பார்த்தது. ஆறு செம்மண் நிறமாகிவிட்டது. கரையோரப் பாறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஏகாம்பரம் பதறிப்போய்ச் சங்கை அமுக்கியது.

கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆமையின் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்றது குரங்கு. இல்லை, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்க்கிறது என்றது முயல். சங்கே சொல்லிவிட்டதே என்று வேலப்பன் மட்டும் பகிரங்கமாகச் சாப்பிட உட்கார்ந்தது. வெள்ளம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அது சாப்பாட்டுச் சங்கு.

ஆமை விடவில்லை. ஊதியது, ஊதியது, ஊதிக்கொண்டே இருந்தது. இறங்கிப் போய்ச் சொல்லலாம்தான். போய்ச் சேர நாளை மறுநாள் ஆகும். மத்தியானத்துக்கு முன்னாலேயே மோட்டார் கருகி நின்றுவிட்டது. நேரம் ஏறியது. செங்கமலத்தின் அடுப்புப் புகை நின்றது. பிறகு அந்த வளை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்தது.

ஏகாம்பரம் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அழுதது. இத்தனை நாள் உட்கார்ந்து சோறு தின்றேனே, ஒரு தாயையும் இரண்டு பிஞ்சுகளையும் காப்பாற்றத் துப்பில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டது.

அப்போது யாரோ ஓட்டைத் தட்டினார்கள். கூப்பிடுகிற தட்டு இல்லை, அடிக்கிற தட்டு.

“யோவ், வெளிய வாய்யா.”

தலையை நீட்டினால், எதிரே செங்கமலம். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. ஒரு கையில் கூடை, கூடைக்குள் இரட்டைக் குட்டி. மறு கையில் சோற்றுப் பானை. பாறைக்குப் பின்புறப் பாதை வழியாகப் பள்ளம் மொத்தமும் ஏறி வந்திருந்தது, ஆளுக்கு ஒரு சட்டியோடு. ஆறிப்போன சோற்றையே சாட்சியாக வைத்து ராஜாவிடம் நியாயம் கேட்கப் புறப்பட்டிருந்தார்கள். வேலப்பன் சாப்பிட்டுவிட்டதுதான்; ஆனாலும் சண்டை என்றதும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

“வேணாத நேரத்துல காது கிழிய ஊதுற, வேண்டிய நேரத்துல ஊத மாட்டேங்குற” என்றது செங்கமலம். “பிள்ளை பெத்த உடம்புய்யா இது. பச்சத்தண்ணி பல்லுல படல. எங்களக் கொல்லப் பாக்குறியா?”

ஆமை கழுத்தைப் பள்ளத்தின் பக்கம் நீட்டிக் காட்டியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பள்ளத்தைக் காணவில்லை. தண்ணீருக்கு மேலே மரங்களின் உச்சி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. செங்கமலத்தின் முள் மெல்லப் படிந்தது. பானையைக் கீழே வைத்துவிட்டுக் கூடையை இறுகக் கட்டிக்கொண்டது.

ராஜா வந்தார். அவருடைய குகை முதலிலிருந்தே மேட்டில்தான். ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று கேட்டதும், தன் திட்டம் அமோக வெற்றி என்று மீசையை நீவிக்கொண்டார். ஏகாம்பரத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“மகாராஜா, ஊதுனப்ப ஒருத்தரும் வரல. சங்கு கெட்டுப்போனப்புறம்தான் வந்தாங்க.”

ராஜா மீசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு நீர்நாயைக் கூப்பிட்டு ஒரு புதுச் சங்குக்கு உத்தரவு போட்டார். தினமும் தவறாமல் ஊத வேண்டும். வெள்ளம் வந்தால் மட்டும் தவறாமல் பழுதாக வேண்டும். அதற்கென்று தனியாகச் செய்ய வேண்டியதில்லை மகாராஜா, இப்போது கடையில் விற்பது எல்லாமே அப்படித்தான் என்று நீர்நாய் பணிவோடு சொன்னது.

எல்லாம் சரி, இப்போது சாப்பிடலாமா கூடாதா என்று முயல் கேட்டது. நியாயமான கேள்வி. சங்கு இன்னும் ஊதவில்லையே. எல்லோரும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆமையைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்தை முடிந்த மட்டும் நீட்டி, வாயாலேயே ஊதியது. சட்டிகள் திறந்தன. செங்கமலம் முதல் கவளத்தை ஆமைக்கு ஊட்டியது. வேலப்பன் இரண்டாம் தடவையாகச் சாப்பிட்டது.

நீதி: ஆபத்து என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள்; சோறு தாமதம் என்றால் சட்டியோடு மலையேறுவார்கள். ஆகவே எச்சரிக்கைக் கருவி வாங்குகிறவர்கள், சமயத்துக்குப் பழுதாகுமா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்கவும்.