என் கேமுக்குப் பூட்டு, சகலை வீட்டில் கோழிச் சத்தம்

என் கேம்களை எல்லாம் என் சகலை திருடிவிட்டார் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். 'சந்தேகப்பட்டேன்' என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் சந்தேகம் என்றால் 'ஒருவேளை இருக்காதோ' என்று ஒரு ஓரமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த ஓரமே இல்லை. மனுஷன் கோவில்பதாகையில் தன் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி, பருத்திப்பட்டில் இருக்கும் என் டிவிக்குள் கம்பி வழியாகக் கையை விட்டு, ஒவ்வொரு கேமாக உருவிக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். (எங்கள் வீட்டில் இருப்பது கம்பியே இல்லாத இணைப்பு என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. பொறாமைக்குக் கம்பி எதற்கு?)

சகலை என்றால் என் மனைவி உமாவின் தங்கை கணவர். பெயர் தயாளன். ஆவடியிலேயே பிறந்து, ஆவடியிலேயே படித்து, ஆவடி பாக்டரியிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். எந்த மிக்சியும் அவர் கை பட்டால் ஓடும். எந்தக் குழந்தையும் அவர் தோளில் தூங்கும். நான் மூத்த மாப்பிள்ளை என்பதால் மாமியார் வீட்டில் எனக்கு மரியாதை உண்டு. அவருக்கோ குழம்பில் கிடக்கும் நல்லி எலும்பு. மரியாதையைக் கடித்து உறிஞ்ச முடியுமா, சொல்லுங்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மகள் விஷயத்தில்தான் முடியவில்லை.

கயல் பள்ளியில் படிக்கும்போது அவளுக்காக ஒரு கேம் பெட்டி வாங்கினேன். (அவளுக்காகத்தான். அவள் தூங்கிய பிறகு அது சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் சோதித்துப் பார்த்தது ஒரு தகப்பனின் கடமை.) அதில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஊர் கட்டினோம். ஆறு, தோப்பு, கோழிப்பண்ணை, ரேஷன் கடை, ரேஷன் கடைக்கு எதிரே காரணமே இல்லாமல் ஒரு விமான நிலையம். அவள் கல்லூரிக்கென்று கோயம்புத்தூர் விடுதிக்குப் போன பிறகும் ஊர் நிற்கவில்லை. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அவள் தன் லேப்டாப்பிலிருந்து வருவாள், நான் டிவியிலிருந்து போவேன், இருவரும் தென்னங்கன்று நடுவோம். நட்டுக்கொண்டே அவள் மெஸ் சாப்பாட்டைத் திட்டுவாள், நான் என் மேனேஜரைத் திட்டுவேன். போனில் பேசினால் 'சாப்ட்டியாம்மா', 'சாப்ட்டேன்பா' என்பதோடு முடிந்துவிடும் மகள், அந்த ஊருக்குள் வந்தால் மட்டும் மணிக்கணக்கில் பேசுவாள்.

இந்த நேரத்தில்தான் தயாளன் ஒரு பழைய கேம் பெட்டியை செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கினார். கூடவே ஒரு பை நிறைய பழைய சிடிகள். அதில் எங்கள் கேமும் ஒன்று. அவரும் ஓர் ஊர் கட்ட ஆரம்பித்தார். சும்மா எட்டிப் பார்க்கப் போன கயல் திரும்பி வந்து சொன்னாள்:

"அப்பா! சித்தப்பா ஊர்ல மழைத்தண்ணி போக கால்வாய் வெட்டியிருக்காருப்பா! நம்ம ஊர்ல அதெல்லாம் தோணவே இல்ல பாரு."

நிஜமான ஆவடியிலேயே மழை பெய்தால் தெருவில் கட்டுமரம் விடலாம் என்று இருக்கிறது. பொம்மை ஊருக்குக் கால்வாய்! அதற்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரில் அரை மணி நேரம் தலைகாட்டிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் சித்தப்பா ஊரில் கிடந்தாள். நான் தனியாக விமான நிலையத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் அப்போது மிச்சமிருந்த ஒரே பெருமை, என் கேம்கள் எல்லாம் இணையத்திலேயே வாங்கியவை என்பதுதான். வருடக்கணக்காகச் சேர்த்தவை, ஒன்றுக்குக்கூடச் சிடி கிடையாது.

"இன்னும் சிடியைத் துணி போட்டு தொடச்சுக்கிட்டு இருக்கீங்களே சகல," என்பேன். "கீறல் விழும், ஒடையும். என்னோடதைப் பாருங்க. கம்பெனிக்காரனே பத்திரமா வச்சிருக்கான்."

"அது சரி சகல," என்பார் அவர். "கைல இல்லாத சாமானை எப்டி நம்பறதுன்றேன்?"

நான் வேண்டுமென்றே நெடுநேரம் சிரிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் பாலம் திறப்பு விழா. சகலையின் கால்வாயை அடித்துச் சாப்பிடுகிற மாதிரி ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டி, வாணவேடிக்கைக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். "பதினோரு மணிக்கு வந்துடு. அப்பா ஒண்ணு காட்டறேன்" என்று கயலிடம் முதல் நாளே சொல்லியாகிவிட்டது. இட்லி சாப்பிட்டுக் கை கழுவி, ரிப்பன் வெட்டப் போகும் அமைச்சர் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு டிவியைப் போட்டேன்.

ஒவ்வொரு கேமின் மேலும் ஒரு சின்னப் பூட்டு.

எங்கள் ஊரை அழுத்தினேன். 'இதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. என் ஊர். நான் வைத்த தோப்பு. கார் கேமை அழுத்தினேன், அனுமதி இல்லை. சதுரங்கத்துக்குக்கூட அனுமதி இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டேன், பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன், பிளக்கில் வாயால் ஊதினேன்.

"ஏங்க, பிளக்கை எதுக்கு ஊதறீங்க?" என்று உமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஊர் போச்சு உமா!"

"எந்த ஊரு? யாருக்கு என்ன ஆச்சு?" கரண்டியோடு பதறி ஓடி வந்தவள், டிவியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று தயாளனுக்குப் போன் போட்டேன். அவர் எடுத்தார். பின்னணியில் 'கொக்கொக்கொக்' என்று ஒரு சத்தம். எங்கள் கேமில் வரும் கோழிச் சத்தம்!

"இன்னா சகல, காலங்காத்தால போன்ல மூச்சு வாங்கற?"

"நீங்க இப்ப... ஆடிக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆமா. சும்மா கோயிக்கு தீனி போட்டுகினு கீறேன். ஏன்?"

வைத்துவிட்டேன். எனக்குப் பூட்டு, அவருக்குக் கோழி. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, 'இதுல இன்னா கீது பாப்போம்' என்று என் கேம் பெட்டியில் அவர் எதையோ தட்டியது மின்னல் மாதிரி நினைவுக்கு வந்தது. வழக்கு முடிந்தது. தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

பிறகுதான் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். போன் எண் கிடையாது. அரட்டைப் பெட்டி மட்டும்தான். முதலில் 'மினு' என்றொரு இயந்திரம் வந்து, "உங்கள் நாள் இனிதாகுக! கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டது. இல்லை என்றேன். "கவலை வேண்டாம், கடவுச்சொல்லை மாற்ற உதவுகிறேன்" என்றது. வேண்டாம் என்றேன். "மகிழ்ச்சி! உங்கள் பிரச்சினை தீர்ந்தது" என்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடியும் உங்கள் நாள் இனிதாகுக.

மினுவைத் தாண்டிப் போனால் அனிகா என்று ஒரு மனுஷி. (மனுஷி என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.) என் சகலை என் ஊரை அபகரித்துவிட்டார் என்பதை அலுவலக ஆங்கிலத்தில் விளக்கினேன். 'ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன்.

"உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது," என்று பதில் வந்தது. "பெட்டியின் அட்டையில் ஒட்டியிருக்கும் எண்ணைத் தர முடியுமா?"

அட்டைப்பெட்டி பரண் மேல் இருந்தது. அதற்குள் உமாவின் கொலு பொம்மைகள். ஸ்டூலில் ஏறி இழுத்தேன். பெட்டி வந்தது, அதற்குமுன் வாமனர் வந்தார். வாமனர் பிழைத்தார், அவருடைய குடை பிழைக்கவில்லை. உமா ஒன்றும் பேசாமல் குடையைப் பொறுக்கிக்கொண்டு போனது, அவள் பேசியிருந்தால் வந்திருக்கும் பயத்தைவிட அதிக பயத்தைத் தந்தது. எண்ணைத் தட்டி அனுப்பினேன்.

"நன்றி. உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது. முதன்முதலில் வாங்கிய கேமின் ரசீது எண்ணைத் தர முடியுமா?"

இந்த நேரத்தில் வாசலில் மணி அடித்தது. தயாளன். கையில் ஒரு சிடி.

"போன்ல உன் கொரலே சரியில்ல, அதான் வண்டிய எட்த்துகினு வந்தேன். இன்னா ஆச்சு சகல?" என்று உள்ளே வந்தவர், டிவியைப் பார்த்தார். "அடடா. இன்னா பூட்டு இது? சரி வுடு, இந்த சிடிய போட்டுக்கோ. பாப்பா வர்றதுக்குள்ள ஒரு ஊராவது தொறக்கலாம்."

திருடன் திருட்டுச் சாமானோடு நேரில் வந்து, அதைக் கடனாகவும் தருகிறான்! இப்படித்தான் எனக்குத் தோன்றியது. என் பெட்டியில் சிடி போடும் ஓட்டையே கிடையாது என்பது அப்போதுதான் என் கண்ணிலும் பட்டது, அவர் கண்ணிலும் பட்டது. அவர் சிடியை மெல்லச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சொல்லிக் காட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அப்போது கயல் போன் செய்தாள்.

"அப்பா, கேம் வந்து..."

"தெரியும்டா கண்ணு. அப்பா கம்பெனியில பெரிய ஆள்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். நீ வை," என்று துண்டித்தேன். சகலை முன்னால் மகளிடம் 'அப்பாவால முடியலம்மா' என்று சொல்லச் சொல்கிறீர்களா?

அடுத்த நிமிடம் அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது.

"சொல்லு பாப்பா... ஆங்... அப்டியா? ...அப்பா பக்கத்துலதான் கீறாரு..." என்றபடி என் தோளைத் தொட்டார். "சகல, ஒரு நிமிசம் அத்த வுடு. பாப்பா இன்னா சொல்லுதுன்னு கேளு."

"அவ என் பொண்ணு. அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்!"

"அய்ய, அது இல்ல சகல..."

"நீங்க சும்மா இருங்க!"

அவருக்கு முன்னால் ஜெயித்துக் காட்டியே ஆக வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குச் சாமான் வாங்கிப் போடுகிறவன். பேரம்தான் என் பிழைப்பு. பேரத்தில் கடைசி அஸ்திரம் என்னவென்று நம் ஊரில் பெட்ஷீட் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். 'அப்ப வேணாம்பா' என்று சொல்லிவிட்டு நடந்துவிட வேண்டும். நாலு எட்டு வைப்பதற்குள் 'சார், சார், வாங்க சார், கோச்சுக்காதீங்க' என்று அவனே கூப்பிடுவான். இதில் நான் தோற்றதே இல்லை.

அனிகாவுக்கு அடித்தேன்: 'ரசீது எண் என்னிடம் இல்லை. அது இல்லாமல் முடியாது என்றால் எனக்கு உங்கள் கணக்கே வேண்டாம். மூடிவிடுங்கள்.'

அடித்துவிட்டு, சகலையைப் பார்த்துக் கண்ணடித்தேன். "இப்ப பாருங்க, ஓடி வருவாங்க."

"வேணாம் சகல," என்றார் அவர்.

பதில் வந்தது. "உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"பாத்தீங்களா! இறங்கி வர்றாங்க!" 'உறுதி' என்று அடித்தேன்.

"உங்கள் போனுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம். தயவுசெய்து உள்ளிடவும்."

போனில் எண் வந்தது. வேண்டாம் என்று போகிறவனுக்கு எவனாவது போனில் எண் அனுப்புவானா? சமாதானத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு செய்து, அந்த எண்ணை உள்ளிட்டேன்.

"உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. இன்றைய சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

டிவியில் பூட்டுகள்கூட இல்லை. வெள்ளைத் திரையில் 'வணக்கம்! புதியவரா?' என்று மட்டும் இருந்தது.

தயாளன்தான் முதலில் வாயைத் திறந்தார். "தண்ணி குடிக்கிறியா சகல?"

அதற்கப்புறம் நான் அந்தக் கம்பெனிக்கு எழுதாத கடிதம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில். 'நீங்கள் குறிப்பிடும் கணக்கு எங்களிடம் இல்லை. கணக்கு இல்லாதவர்களின் புகார்களைப் பரிசீலிக்க இயலாது. உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது.'

இப்போதெல்லாம் வீட்டில் எந்த வாக்குவாதத்திலும் நான் 'அப்ப எனக்கு வேணாம்' என்று எழுந்தால், உமா கையை நீட்டி, "நம்பர் வந்துச்சா?" என்கிறாள். மாமியார்கூடக் கேட்கிறார். போன தீபாவளிக்கு இரண்டாவது தோசை வேண்டாம் என்று சொன்னதற்கு மொத்தக் குடும்பமும் 'உறுதியா, உறுதியா' என்று கேட்டுச் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோவில்பதாகைக்குப் போகிறேன். சகலையின் ஊரில் கால்வாய் ஓரமாக எனக்கு ஒரு குடிசை ஒதுக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேல் 'விருந்தாளி' என்ற பட்டத்தோடு கத்தரிக்காய் போடுகிறேன். பதினோரு மணிக்குக் கயல் வருகிறாள். முதலில் சித்தப்பாவின் கோழிகளைக் கொஞ்சிவிட்டு, பிறகு என் குடிசைக்கு வந்து மெஸ் சாப்பாட்டைத் திட்டுகிறாள். கத்தரிக்காய் நன்றாக வந்திருக்கிறது என்று அவள் சொன்ன அன்று, சகலை தானும் கத்தரி போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கயல் அன்று போனில் சொல்ல வந்தது என்ன என்பதை, அவள் சித்தப்பா சாப்பாட்டுக்கு அப்புறம்தான் என்னிடம் சொன்னார். அன்று காலை அந்தக் கம்பெனியின் இயந்திரங்களில் ஏதோ கோளாறு. இணையத்தில் கேம் வாங்கியிருந்த எல்லோருக்கும் பூட்டு விழுந்திருந்தது, கயலின் லேப்டாப்பிலும்தான். சிடி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மணி வாக்கில் எல்லோருக்கும் தானாகவே திறந்துகொண்டது.