கிரகணத்தார் செய்த சத்தியம்

சூரியன், சந்திரன் என்று பேச்சை எடுத்தாலே தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொள்ளும்படி வாழ்ந்த மனிதர் கோயம்புத்தூருக்கே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். பம்பு மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்ந்தவர். பெயர் என்னவோ, எங்களுக்குக் கிரகணத்தார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். யாரிடமும் நிமிர்ந்து பேச மாட்டேன். அதனால் அவருக்கு அகப்படுகிற காது எப்போதும் என்னுடையதுதான். கேட்டுக் கேட்டு அலுத்தே போய்விட்டேன்.

போர்வெல் குழாயில் தொலைநோக்கி செய்து, காலையில் தண்ணீர் பிடிக்க நிற்கும் எங்களுக்கு மேற்கே மிச்சமிருக்கும் நிலாவைக் காட்டுவார்.

“பாருங்க அம்மணி, எத்தன குழி!”

“ரோட்டுக் குழிய மூடவே ஆளக் காணோம். நிலாவுக் குழிய வெச்சு நாங்க என்ன பண்றதுங்க?” என்பாள் கடைசி வீட்டுக்காரி.

கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவோம். கிரகணம் இருக்கும்வரை பிடிக்காமலே நிற்கும் என்பது நம்பிக்கை. எல்லா நாளும் நிற்கும் என்று காட்ட, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அவர் நடுத்தெருவில் உலக்கையோடு அரை மணி போராடினார். நின்றேவிட்டது.

“நிக்குதுங்களா? இன்னிக்கு என்ன கிரகணமா?”

“ஐயோ சாமி, சொல்லாமக் கொள்ளாமப் புடிச்சுருச்சாட்ட இருக்குதே!” என்று கத்தினாள் கடைசி வீட்டுக்காரி.

தெருவே ஓடிப்போய் ஆக்கி வைத்த குழம்பைக் கொட்டியது. நானும் ஒரு சட்டி ரசத்தைக் கொட்டினேன். கிரகணத்தார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“பாம்பு முழுங்குதுன்னா நேரம் போட்டுட்டா வரும்? அந்தக் காலத்து ஆளுங்க வானத்தப் பாத்துப் பாத்துக் கணக்குப் போட்டதுதானுங்க பஞ்சாங்கம். கணக்க மட்டும் எடுத்துக்கிட்டு மூளைய உட்டுப்போட்டீங்களே!” என்றார். யார் கேட்டது?

பிறகு அந்த மார்கழி. கிரகணத்தில் எங்கள் ஊரிலேயே சூரியன் வளையமாகத் தெரியும் என்றார்கள். அதற்காகத்தான் அவர் ஆயுசு முழுக்கக் காத்திருந்தார். அன்று காலை, எட்டு மாதக் கர்ப்பமாக இருந்த என் மருமகள் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு இட்லித் தட்டை எடுத்தாள். அன்னூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். கிரகணம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாதாம். சன்னல்களைச் சென்னிமலைப் போர்வையால் மூடி, கதவருகே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

“அத்தை, கை நடுங்குதுங்க. கண்ண இருட்டுது.”

ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாத்தனாரிடம் கெஞ்சினேன், அசையவில்லை.  பின்வாசல் வழியாக ஓடினேன். கிரகணத்தார் அட்டையில் ஆணியால் துளை போட்டு, சுவரில் விழுந்த சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வளையமாக மாற இன்னும் ஒரு நிமிடம்தான்.

“ஏனுங்ணா, புள்ள மயங்கறாளுங்க.”

அட்டையைப் போட்டுவிட்டு வந்தார். விவாதம் பண்ணப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“கிரகணம் உட்டுருச்சுங்க,” என்றார் நாத்தனாரிடம்.

“பதினொண்ணு தாண்டும்னு போட்டிருக்குதுங்களே?”

“அது வேற ஊருக் கணக்குங்க. நமக்கு ஒம்பதரையோட சரி.”

“வெளிய மங்கலா இருக்குதே?”

“மார்கழி மூட்டமுங்க.”

“சத்தியமா?”

கோயில் பிரசாதத்தைக்கூடக் கை நீட்டி வாங்காத மனிதர். தொண்டையைச் செருமினார்.

“சென்னிமலை முருகன் மேல சத்தியமுங்க.”

நாத்தனார் தட்டை நீட்டினார். மருமகள் மூன்று இட்லி தின்று தண்ணீர் குடித்து, நடுக்கம் நிற்கும்வரை, வெளியே கிரகணம் இருப்பது தெரியாதபடி அவர் வாசலை மறைத்து நின்றார்.

திரும்பிப் போய் அட்டையை எடுத்தபோது சுவரில் வெறும் பிறைதான் விழுந்தது. வளையம் வந்து போயிருந்தது.

“இனி எப்பங்ணா வரும்?”

“கணக்குப் போட்டுப் பாக்கோணும்,” என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

தட்டில் மீதி இரண்டு இட்லி இருந்தது. கொண்டுவந்து அவருக்கு ஒன்று கொடுத்தேன். சூரியன் இன்னும் அரைகுறையாகத்தான் இருந்தது. இன்னொன்றை நான் அங்கேயே, அவர் பக்கத்தில் நின்று தின்றேன்.