பச்சை விழுந்தால் போதும்

பச்சைப் பிரியர்கள் என்று ஓர் இனம் உண்டு. மரம் நடுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கணினித் திரையில் ஒரு பச்சை டிக் விழுந்தால்தான் இவர்களுக்குச் சாயங்கால டீ தொண்டையில் இறங்கும். எந்த மென்பொருள் அலுவலகத்துக்குப் போனாலும் ஒருவராவது அகப்படுவார். நாகர்கோவிலில் நமக்கு அகப்பட்டவர் சிவதாணு.

பள்ளிக்கூட பஸ் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப் ஒன்றை அவருடைய ஆறு பேர் குழு நடத்துகிறது. அங்கே யாரும் எழுதியதைக் கையோடு கொண்டுபோய் சர்வரில் வைப்பதில்லை. எழுதி அனுப்பினால் போதும். பைப்லைன் என்கிற தானியங்கி வரிசை அதை வாங்கி, கட்டி, இருநூறு சோதனைகளில் போட்டுப் புரட்டி, ஒத்திகை சர்வரில் ஓட்டிப் பார்த்து, எல்லாம் பச்சையானால் தானே நிஜ சர்வரில் ஏற்றிவிடும். ஒரே ஒரு சோதனை தோற்றாலும் சிவப்பு விழும். எல்லாம் அங்கேயே நிற்கும். ஏன் நின்றது என்பதையும் வரிவரியாக எழுதி வைக்கும். அதையெல்லாம் யார் வாசிப்பது?

சிவதாணு வாசிக்கமாட்டார். 'மறுபடி ஓட்டு' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்தாலும் சிவப்பென்றால் இன்னொரு அமுக்கு. நெட் மந்தம் என்பார், சர்வருக்குச் சூடு என்பார், மணவாளக்குறிச்சிப் பக்கம் மழை என்றால் அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்வார். நாலில் ஒரு தடவை அது தானாகவே பச்சையாகித் தொலைக்கும். அதுதான் வினை. அன்று முழுக்க அவர் நடையே வேறாக இருக்கும்.

போன புதன்கிழமை பஸ் நின்ற கதையைக் கேளுங்கள். டிரைவர்கள் 'டிரிப் முடிந்தது' என்று அழுத்த மறந்துவிடுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் புகார். சிவதாணு ஒரு வழி கண்டுபிடித்தார்: பஸ் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்றால் டிரிப் முடிந்தது, பிள்ளைகள் எல்லாரும் இறங்கியாயிற்று என்று ஆப் தானே எடுத்துக்கொள்ளும். அனுப்பினார். சிவப்பு. குழுவில் இளையவளான சஃப்னா எப்போதோ எழுதிவைத்த சோதனை அது: ரயில்வே கேட்டில் நிற்கிற பஸ், வீடு சேர்ந்த பஸ் அல்ல.

"அண்ணா, இது அஞ்சாவது தடவை. செவப்புக்குக் கீழ என்ன எழுதியிருக்குண்ணு ஒருக்கா வாசிங்க."

"வாசிச்சிட்டிருந்தா பள்ளிக்கூடம் விட்டிரும் மக்கா. மூணு மணிக்குள்ள ஏத்தித் தாறேண்ணு சொல்லியிருக்கேன். அந்த டெஸ்ட்டு சரியில்ல."

"டெஸ்ட்டு சரியாத்தான் இருக்கு. கேட் அடைச்சா பஸ் நிக்கும்லா?"

"பத்து நிமிசமா நிக்கும்?"

மேலே விவாதம் இல்லை. 'இந்தச் சோதனையைத் தாண்டிப் போ' என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். அனுமதி தரவேண்டிய மேலாளும் அவரே, தந்துகொண்டார். பைப்லைன் சொன்ன சொல் கேட்கும் பிராணி. தாண்டச் சொன்னதைத் தாண்டிற்று. மேலிருந்து கீழ்வரை பச்சை. சிவதாணு நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தார்.

நாலு இருபதுக்கு மனைவி சுபிதாவிடமிருந்து போன்.

"நந்தனா எறங்கியாச்சுண்ணு ஆப்புல காட்டுது. நான் ஸ்டாப்புலதான் நிக்கேன். பஸ்ஸையே காணல்லியே."

"மூடிட்டு மறுபடி தொறந்து பாரு."

"மூணு மட்டம் தொறந்தாச்சு. பச்சையா டிக் போட்டிருக்கு. பிள்ளை எங்கண்ணு கேட்டா டிக்கையா காட்டுவிய?"

டிரிப் முடிந்ததென்று ஆப் முடிவுகட்டியதால் வரைபடத்திலும் பஸ் இல்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் எங்கே என்று, அதைச் சொல்வதற்கென்றே ஆப் செய்தவருக்குத் தெரியவில்லை. சஃப்னாவின் மேசைக்கு ஓடினார்.

பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினாள் சஃப்னா. அதுவும் வரிசையில்தான் போகவேண்டும், பதினோரு நிமிடம். சிவதாணு அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் உதடு அசைய வாசித்தார். அந்த அலுவலகத்தில் அவர் முதன்முதலாக வாசித்தது அன்றுதான். இருநூறாவது சோதனை ஓடும்போது சுபிதா மறுபடி கூப்பிட்டாள்.

"வந்துட்டா. கேட்டுல கூட்ஸ் வண்டி நின்னுச்சாம். கால்மணி நேரமா பாட்டுப் பாடிட்டிருந்திருக்கு பிள்ளைய."

திருந்திவிட்டார் என்கிறீர்களா? திருந்தினார். ரயில்வே கேட் சோதனையை இனி யாரும் தொடக்கூடாது என்று மறுநாளே உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை வேறொன்று சிவந்தது. "நெட்டு மந்தம்போல. இன்னொருக்கா ஓட்டு மக்கா" என்றார்.

சிரிக்கிறீர்கள். நமக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்ற நிம்மதிச் சிரிப்பு. ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன்: நாளைக்கு ரத்தப் பரிசோதனை என்றால், மூன்று நாள் முன்பே இனிப்பை நிறுத்திவிட்டு, அப்படியும் சுகர் கூடுதலாக வந்தால், "இந்த லேப் சரியில்லை" என்று அடுத்த லேபுக்கு நடக்கிறவர் நீங்கள்தானே?