பேக்கோர்ட்டும் பத்தொன்பது நொடியும்

2019 ஆகஸ்டு பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபத்தாறு. சாரல் விட்டு ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. குரங்கணிப் பக்கம் மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கிக் கிடந்தது. போடியில், ஈரச் சிமெண்டு ஆடுகளத்தின் நடுவில் நின்று நான் விசில் ஊதினேன். என் தப்புகளில் நான் நேரம் குறித்து வைத்திருப்பது இது ஒன்றைத்தான். (மற்றவற்றின் நேரமெல்லாம் என் மனைவிக்கு மனப்பாடம்.)

நான் விளையாட்டு வீரன் இல்லை. ஏலக்காய் ஏலத்தில் முப்பத்தொரு வருடம் எடை எழுதி ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மாடி ஏறினால் படியை எண்ணுவேன், கல்யாண வீட்டுக்குப் போனால் காலி நாற்காலியை எண்ணுவேன். இந்தக் குணத்தைப் பார்த்து ஊர் கூடைப்பந்துக் கழகத்தார் புள்ளி எழுதும் மேசையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். பதினொரு வருடம் அதில் உட்கார்ந்து, நடுவர்கள் செய்யும் தவறுகளைத் தனி நோட்டில் குறித்து வந்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அதனால், பெண்கள் இறுதிப் போட்டியன்று இரண்டு நடுவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், கழகத்தார் என் பக்கம் திரும்புவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரு பக்கம் போடி டவுன் அணி. மறுபக்கம் மலைமேல் ஏலத்தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அங்கே சூப்பர்வைசராக இருந்த முருகேசன். காபி காயப்போடும் களத்தில் கம்பம் நட்டு ஆடப் பழக்கியவர். ஆட்டம் தொடங்குமுன் என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னார். ஜெயிக்கிற அணி மாவட்டப் போட்டிக்குப் போகும். அங்கே மதுரைக் கல்லூரிக்காரர்கள் பார்க்க வருவார்கள். அவர்களுக்குப் பிடித்த பிள்ளைக்கு ஃபீஸ் இல்லாமல் சீட்டு. தன் அணியில் பவித்ரா பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா தோட்டத்தில் காய் எடுக்கிறவள். சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மகளும் காய் எடுக்கத்தான் போவாள்.

"சலுகை ஒண்ணும் கேக்கலண்ணே. பார்த்து ஊதுங்க, அம்புட்டுத்தான்" என்றார்.

விதிப்புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பிக்கிறவனிடம் வந்து பார்த்து ஊதச் சொல்கிறாரே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். ஆடுகளத்தை நடுக்கோடு இரண்டாகப் பிரிக்கிறது. பந்து வைத்திருக்கும் அணி எதிரியின் பாதிக்குள் நுழைந்துவிட்டால், அந்தப் பந்தோடு தன் பாதிக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் தவறு, பந்து எதிரணிக்குப் போய்விடும். எங்கள் ஊரில் இதற்கு பேக்கோர்ட்டு என்று பெயர்.

ஆட்டம் முடியப் பத்தொன்பது நொடி இருந்தது. டவுன் நாற்பத்தொன்று, தோட்டம் நாற்பது. பந்து பவித்ராவின் கையில், எதிரியின் பாதியில். டவுன் பெண் ஒருத்தி கை நீட்டித் தட்டினாள். பந்து ஈரத்தில் வழுக்கி நடுக்கோட்டைத் தாண்டி ஓடியது. பவித்ரா பின்னாலேயே ஓடி அதை எடுத்தாள். நான் ஊதினேன். பக்கத்துக் கட்டடக் கூரை மேலிருந்த ஆறு புறாக்களும் பறந்துவிட்டன.

இன்னொரு நடுவரான சரவணன் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். வயதில் என்னில் பாதி. ஓடி வந்து காதருகே குனிந்தார்.

"சார், டவுன் பிள்ளை தட்டிவிட்டதுல போன பந்து. பேக்கோர்ட்டு வராது. இப்பவே மாத்திருவோம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மாற்றியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு தத்துவம் இருந்தது. எதிரி விரலால் தட்டிய உடனே பந்து எதிரியுடையதாகிவிடாது. அது இன்னும் தோட்டத்து அணியின் வசம்தான். (இது உண்மை. புத்தகத்திலேயே இருக்கிறது.) அவர்கள் வசமிருந்த பந்து பின்னால் போனது, அவர்களே போய் எடுத்தார்கள். அப்படியானால் தவறுதானே? இதை சரவணனுக்கு இரண்டு நிமிடம் நாற்பது நொடி விளக்கினேன். அவர் முகத்தில் தெரிந்ததை அப்போது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பந்து டவுன் அணிக்குப் போனது. அவர்கள் அதை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே நேரத்தைக் கழித்து ஜெயித்தார்கள். பவித்ரா அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க சார். அடுத்த வாட்டி பண்ண மாட்டேன்."

அவளுக்கும் விளக்கினேன். கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள்.

மதியம் சாப்பாட்டில் மோர் ஊற்றும்போது என் மனைவி ராஜாத்தி பேச்சை எடுத்தாள். அவளும் ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். அந்தப் பிள்ளை என்ன தவறு செய்தது என்று கேட்டாள். என் தத்துவத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"என் கையில இருக்குற கிண்ணத்தை நீங்க தட்டிவிட்டுட்டு, விழுந்ததை நான் எடுத்தா, ஏண்டி எடுத்தன்னு என்னையத்தான் வைவீங்க. அம்புட்டுத்தானே?"

அவள் வாயை அடைக்கவே புத்தகத்தை எடுத்து வந்தேன். விதிக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பந்து அந்த அணியின் வசம் இருக்க வேண்டும் என்பது ஒன்று. நடுக்கோட்டைத் தாண்டுமுன் அதைக் கடைசியாகத் தொட்டதும் அதே அணியாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. கடைசியாகத் தொட்டது டவுன் பெண்ணின் விரல். முதல் நிபந்தனையை நான் ஐம்பது தடவையாவது படித்திருப்பேன். இரண்டாவதும் அதே பக்கத்தில்தான், மூன்று வரி கீழே இருந்தது.

"மோர்ச்சோத்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா ஆச்சா? வெரசாப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

கழகச் செயலாளரிடம் மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முடிந்த ஆட்டத்தை மாற்ற விதியில் இடமில்லை என்று அவர் முதலில் கையை விரித்தார். பிறகு டவுன் அணிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டார். தட்டிய பெண்ணே, தான்தான் தட்டியதாக அன்றைக்கே சொன்னதாகவும் யாரும் காதில் வாங்கவில்லை என்றும் சொன்னாள். உள்ளூர்ப் போட்டிதானே என்று முடிவானது: அடுத்த ஞாயிறு, அதே புள்ளி, அதே பத்தொன்பது நொடி. செலவு முழுக்க என்னுடையது. பத்தொன்பது நொடிக்கு என்ன பெரிய செலவு வந்துவிடும் என்று உடனே கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிறன்று இரண்டு ஜீப்பு நிறையத் தோட்டத்துப் பிள்ளைகளும் அம்மாமார்களும் வந்து இறங்கினார்கள். இறுதிப் போட்டிக்கு வந்ததைப்போல இரண்டு மடங்கு கூட்டம். எனக்கு விசிலும் இல்லை, பேனாவும் இல்லை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும்.

பக்கக் கோட்டிலிருந்து பந்து பவித்ராவுக்கு வந்தது. டவுன் பெண் மறுபடி தட்டினாள். பந்து மறுபடி நடுக்கோட்டைத் தாண்டி உருண்டது. பவித்ரா இரண்டு எட்டு ஓடினாள், கோட்டருகே சட்டென்று நின்றாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்த பாடம் அல்லவா? பந்து உருண்டுகொண்டிருந்தது. பதினொன்று, பத்து, ஒன்பது.

நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன்.

"எடு ஆத்தா! தப்பில்ல, எடு!"

எடுத்தாள். ஓடினாள். இரண்டு நொடி இருக்கும்போது எறிந்தாள். பந்து வளையத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி (எண்ணினேன்) உள்ளே விழுந்தது. நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று. முருகேசன் ஓடி வந்து என்னைத்தான் முதலில் கட்டிப்பிடித்தார். சரவணன் அடுத்தபடி வந்து, ஆட்டத்தின் நடுவே கழகத்து ஆள் ஓர் அணிக்கு யோசனை சொன்னதற்கு அபராதம் என்று அறிவித்தார். முகம் சிரித்தது, அபராதத்தை விடவில்லை.

மாவட்டப் போட்டியில் தோட்டத்து அணி முதல் ஆட்டத்திலேயே இருபத்தேழு புள்ளியில் தோற்றது. ஆனால் பார்க்க வந்தவர்கள் பவித்ராவைப் பார்த்துவிட்டார்கள். சீட்டு கிடைத்தது.

எங்கள் வீட்டில் மட்டும் அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. வாசலைத் தாண்டியபின் கண்ணாடிக்கோ குடைக்கோ நான் உள்ளே திரும்பினால் போதும், அடுப்படியிலிருந்து ராஜாத்தி விசிலடிப்பாள். "பேக்கோர்ட்டு! நீங்க அங்கனயே நில்லுங்க, நான் கொண்டாறேன்" என்பாள். மகனும் மருமகளும் இப்போது அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஜீப்பு இரண்டு, போக வர 6,400. பிரியாணி இருபத்தெட்டு, 4,200. டீயும் பழமும் 357. அபராதம் 500. ஆக மொத்தம் பதினோராயிரத்து நானூற்று ஐம்பத்தேழு ரூபாய். நொடிக்கு அறுநூற்று மூன்று.