சீர்வரிசைக்கு வியர்க்கக்கூடாது

என் கொடவுனில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்தே, "இங்க தும்மாதீங்க" என்று சொன்ன ஆள் ஒருவர் உண்டு. சொல்லி வருஷக்கணக்கு ஆகிறது. அந்தத் தும்மல் இன்னும் என் மூக்குத் தண்டிலேயே நிற்கிறது. தும்மினால் என்னய்யா ஆகும் என்று கேட்டேன். "எச்சி காத்துல கலந்து பீரோ மேல போயி குந்திக்கும் நைனா, துரு புடிக்கும்" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். வெளியே போய் நின்றால் தும்மல் வரவில்லை. ஒரு மனுஷனை நிம்மதியாகத் தும்மக்கூட விடாத இந்த ரகத்தைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது.

ரகத்துக்கு நான் வைத்த பெயர் பத்திரப்பேர்வழி. சாமானைப் பத்திரமாக வைப்பதற்கென்றே பிறவி எடுத்தவர். வாங்குவார், துடைப்பார், சுற்றுவார், கட்டுவார், பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், நாலடி நடந்துபோய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். எல்லாம் செய்வார். உபயோகிக்கமாட்டார்.

இந்த ரகத்தை நான் கிட்டத்தில் பார்க்கக் காரணம் என் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஓரமாக ஒரு மருந்துக் கம்பெனி மாத்திரை அடுக்குவதற்குக் கட்டிய ஏசி கொடவுன் இருக்கிறது. கம்பெனி ஊரைவிட்டுப் போனதும், சும்மா கிடந்த இடத்தை முதலாளி கம்பிவலை அடித்து அறை அறையாகத் தடுத்து, ஈரமும் சூடும் ஆகாத வீட்டுச் சாமான் வைக்க வாடகைக்கு விட்டார். சாமான் அவரவருடையது, பூட்டு அவரவருடையது, சாவியும் அவரவர் இடுப்பில். குளிரும் காவலும் மட்டும் என் பொறுப்பு.

எல்லோரையும் நான் திட்டவில்லை. பழவேற்காட்டு அப்துல் கனி பாய் உப்புக் காற்றுக்குப் பயந்து தன் தகப்பனார் காலத்துக் கிதாபுகளை இங்கே வைத்திருந்தார். வருவார், ஒன்றை எடுத்துப் போவார், படித்துவிட்டுக் கொண்டுவந்து வைத்து, இன்னொன்றை எடுத்துப் போவார். இதற்குத்தான் இந்த இடம். இவர்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. நான் சொல்வது தணிகாசலத்தை.

தணிகாசலம் சோழவரம் ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரர். நெல்லு போடுகிற நிலம், ஓட்டு வீடு, பெண்சாதி சின்னப்பொண்ணு, ஒரே மகள் பூமிகா. மகள் பெரியவள் ஆன வருஷத்திலிருந்தே அவளுக்குச் சீர்வரிசைச் சாமான் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்ற எல்லாரும் செய்வதுதான், அதில் ஒன்றுமில்லை. ஆனால் சாமான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஏரிக்காற்றில் ஈரம். ஈரத்தில் பூஞ்சை. பூஞ்சை கட்டிலில் ஏறினால் என்ன ஆவது, பட்டில் ஏறினால் என்ன ஆவது? ஏசி கொடவுன் தேடிப் புறப்பட்டார்.

இடம் பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டுவார்கள், மீட்டரைப் பார்ப்பார்கள், வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள். தணிகாசலம் எதைக் கொண்டுவந்தார் தெரியுமா? பொரித்த அப்பளம். ஒரு தூக்குவாளி நிறைய. உள்ளே மூலைக்கு மூலை ஒவ்வொன்றாக நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். செங்குன்றத்தில் ஒரு கொடவுனில் அப்பளம் ஒரே ராத்திரியில் நமுத்துப்போய்விட்டதாம், கவரைப்பேட்டையில் எலி தின்றுவிட்டதாம். திரும்பி வந்தவர் எங்கள் அப்பளத்தை ஒவ்வொன்றாக அவிழ்த்து, என் காதோரம் கொண்டுவந்து உடைத்துக் காட்டினார். படக்கென்றது.

"கேட்டீங்களா நைனா சத்தத்த? இதான் எடம்."

சொல்லிவிட்டு அப்பளத்தைத் தின்றார். எனக்கு ஒரு துண்டு கொடுக்கவில்லை.

சாமான் வந்து இறங்கியது. பீரோ, தேக்குக் கட்டில், ஊரிலேயே பெரிய டிவி, கிரைண்டர், தையல் மிஷின், ஒரு தகரப் பெட்டி நிறையப் பட்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே வேட்டித்துணி, அதற்குமேல் அட்டை, அதற்கும்மேல் பிளாஸ்டிக், மேலே ஒரு சீட்டு: 'டிவி'. சீட்டு இல்லாவிட்டால் எது கட்டில் எது கிரைண்டர் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அன்றைக்குத்தான் எனக்குத் தும்மல் தடை போட்டார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது ஃபோன். மழை பெய்தால் ஃபோன். மழை பெய்யாவிட்டால், வெயில் ஜாஸ்தியா இருக்கிறதே என்று ஃபோன். கரண்டு கட் ஊரையே வறுத்தெடுத்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? கரண்டு போன அடுத்த நிமிஷம் என் செல் அலறும்.

"நைனா, ஜெனரேட்டரு போட்டாச்சா?"

"போட்டாச்சிண்ணே. உங்க ஊட்ல கரண்டு கீதா?"

"ஊட்ல எங்க கீது? உள்ள ஒரே வேக்காடு. சின்னப்பொண்ணு விசிறிகினு கீது."

"ஊட்டுக்கு ஒரு ஏசி மாட்டிக்கக் கூடாதாண்ணே?"

"ஊட்ல இன்னா கீது நைனா, சும்மா நாங்கதான் கீறோம்."

வீட்டில் பெண்டாட்டி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் படிக்கிற புத்தகத்தாலேயே விசிறிக்கொண்டு பரீட்சைக்குப் படிக்க, இங்கே கிரைண்டர் சொகுசாகப் போர்த்திக்கொண்டு தூங்கியது. சின்னப்பொண்ணு மாவு ஆட்டியது எதில் என்று கேட்கிறீர்களா? கையால் ஆட்டுகிற கல்லில்தான்.

பூமிகாவுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தான். அன்புசெல்வன் என்று நல்ல பையன், அம்மா அஞ்சம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மண்டபத்தில் சீரைப் பரப்பி வைத்து, ஊரெல்லாம் தொட்டுப் பார்த்து, மூக்கைச் சுளித்து, சாப்பிட்டுப் போவதுதான் வழக்கம். தணிகாசலம் மண்டபத்துக்கு ஒரு குண்டூசியையும் அனுப்பத் தயாரில்லை. சம்பந்தி வீட்டாரை வேன் வைத்து என் கொடவுனுக்கே அழைத்து வந்துவிட்டார். பட்டுப்புடவையும் பூவுமாகப் பெண்கள் இறங்கி நிற்க, இவர் வாசலில் கையை விரித்து மறித்தார்.

"ஒரேடியா வராதீங்கமா. நாலு நாலு பேரா வாங்க. ஆள் சூடு ஏறிடும்."

நாலு நாலு பேராகப் போனார்கள். நடுங்கிக்கொண்டே வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருவர் நேரே லாரி நிற்கிற இடத்துக்குப் போய் வெயிலில் நின்றுகொண்டார். அஞ்சம்மாள் மட்டும் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"இன்னா சம்பந்தி, ஆஸ்பத்திரில பொணத்த வச்சாமாரி தலையோட காலோட மூடி வச்சிகிறீங்க. மூஞ்சியாவது காட்டுங்க."

"பிரிச்சா காத்து பூந்துடும்மா. மேல சீட்டு ஒட்டிக்கீது பாருங்க, படிச்சிக்கங்க."

"சீட்ட படிக்கறதுக்கா வேன் வச்சிகினு இட்டாந்தீங்க? ஃபோன்லயே படிச்சிக் காட்டியிருக்கலாமே."

தணிகாசலத்துக்கு இது கிண்டல் என்று உறைக்கவே இல்லை. அடுத்த தடவை அப்படிச் செய்யலாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

கல்யாணம் நடந்தது. பெண் போனாள். சீர் போகவில்லை. மழைக்காலம், லாரியில் நனையும் என்றார். மழை நின்றது, பனி என்றார். பனி போனது, மாப்பிள்ளை வீடு கல்நார்க் கூரை, வெயிலுக்குக் கட்டில் பிளந்துவிடும் என்றார். அங்கே ஊத்துக்கோட்டையில், வந்தவர் போனவரெல்லாம் சீர் எங்கே என்று கேட்க, அஞ்சம்மாள் சளைக்காமல் சொன்னாளாம்: "சீரெல்லாம் ஏசில கீது. மருமவதான் கூரைக்கடில கீறா." சிரித்தவர்கள் கொஞ்ச நாளில் வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக்குக்குள் இருந்தது சாமானா, வெறும் அட்டைப் பெட்டியா, யார் பிரித்துப் பார்த்தது? அந்தப் பேச்சு பூமிகாவின் காது வரைக்கும் வந்தது. ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும்போது அஞ்சம்மாள் வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள்: "ஆவணில வரும்போது சீரோட வா. இல்லன்னா உங்கப்பன் அந்த ஏசிலயே உனக்கும் ஒரு எடம் குடுக்கட்டும்."

இதை எனக்குச் சொன்னது சின்னப்பொண்ணு. ஆவணி பிறந்ததும் ஒரு காலை, குட்டியானை லோடு வண்டியோடும் மகளோடும் கொடவுன் வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே மொபெட்டில் தணிகாசலம். வண்டியை ஸ்டாண்டு போடாமலேயே ஓடிவந்தார்.

"வெயில் ஏறட்டும். இப்ப எடுத்தா பனித்தண்ணி கோத்துக்கும்."

"எப்ப எடுத்தா கோத்துக்காது, சொல்லுய்யா" என்றாள் சின்னப்பொண்ணு.

பூமிகா அம்மாவைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். அழவில்லை. எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

"அப்பா, நான் இன்னைக்கி சும்மா போனா அந்த ஊட்ல என்னை உள்ள சேக்கமாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்மா. ஆனா அந்த ஊட்ல இதெல்லாம் வச்சா கெட்டுடும்மா. கல்நாரு. சூடு."

"நான் அங்கதானப்பா கீறேன்?"

"நீ மனுசிமா. தாங்கிக்குவ."

கேட்டீர்களா? பெற்ற மகளிடம், முகத்துக்கு நேரே, அன்போடு சொன்னார். திட்டவில்லை, முறைக்கவில்லை. அவருக்கு அது ஒரு பாராட்டு. வண்டி டிரைவர்கூட வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். சின்னப்பொண்ணு புருஷன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி."

"அது இல்ல சின்னப்பொண்ணு, நான் இன்னா சொல்றன்னா..."

"சாவியக் குடுய்யா."

அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். அவிழ்க்க வெகுநேரம் ஆனது, யாரும் உதவிக்குப் போகவில்லை. பீரோ போனது, கட்டில் போனது, தையல் மிஷினும் கிரைண்டரும் போயின. வாங்கியபோது ஊரிலேயே பெரிய டிவி. அதைத் தூக்கிய ஆட்கள், கடையில் இப்போது சுவரில் மாட்டுகிற டிவி விற்கிறதே, இந்தப் பாறாங்கல்லை யார் வாங்கினது என்று முனகினார்கள். தணிகாசலம் ஒவ்வொரு சாமானுக்கும் கூடவே வாசல் வரை நடந்து, அங்கே வெயில் பட்டதும் நின்று, திரும்பி உள்ளே வந்தார்.

கடைசியில் தகரப் பெட்டி. புகுந்த வீட்டுக்குள் நுழையும்போது புதுப்பட்டு கட்டிக்கொள் என்று சின்னப்பொண்ணு மகளுக்கு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அரக்குச் சிவப்பு, கை அகலத்துக்கு ஜரிகை. ஒரு புள்ளி பூஞ்சை இல்லை, ஒரு பூச்சி அரிப்பு இல்லை. கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. உதறினாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து தொங்கியது.

"வருசத்துக்கு ஒருக்கா மடிப்ப மாத்திப் போடணும்யா" என்றாள் சின்னப்பொண்ணு. "ஊட்ல இருந்திருந்தா நான் மாத்தியிருக்கமாட்டனா? பொம்பளைங்களைக் கிட்ட உட்டியா நீ? கதவத் தொறந்தா காத்து பூந்துடும்னியே."

பூமிகா புடவையை வாங்கி, சுருட்டி, அப்பாவின் கையில் வைத்தாள்.

"இத நீயே வச்சிக்கப்பா. உனக்குதான் வச்சிக்கத் தெரியும்."

கட்டியிருந்த நைலக்ஸ் புடவையோடு வண்டி ஏறினாள். பக்கத்தில் அம்மா ஏறிக்கொண்டாள். அஞ்சம்மாளின் வாய்க்குத் தானே நேரில் போய் ஈடு கொடுப்பதாகச் சொன்னாள். குட்டியானை ரோட்டில் ஏறி ஊத்துக்கோட்டைப் பக்கம் திரும்பியது. கட்டில் கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு போயின.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தணிகாசலம் ஒரு கிராமத்து ஆள், விவரம் பத்தாது, நாமெல்லாம் அப்படி இல்லை என்கிறீர்கள். சரி. உங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்னும் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறதே, ஏன்? ஷோகேஸில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிற கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் குடிக்கத் தகுதியுள்ள விருந்தாளி எந்த ஊரிலிருந்து வரப்போகிறார்? நல்ல போர்வையைப் பீரோவில் அடுக்கிவிட்டுக் கிழிந்ததைப் போர்த்திக்கொண்டு படுப்பது யார், நானா? புதுச்சட்டையை எதற்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் கோபம் வரும். எனக்கென்ன, எங்களிடம் அறை காலியாக இருக்கிறது. அப்பளத்தோடு வாருங்கள்.

அறை காலி என்றேன். அன்றைக்கு உள்ளே தணிகாசலம் இருந்தார். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் வெறும் கம்பிவலைக்கு நடுவில் அந்தச் சிவப்புப் புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். தகரப் பெட்டியும் வண்டியோடு போய்விட்டது, வைக்க இடமில்லை. ஏதாவது சொல்வார், மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இப்டி வந்து ஒரு முனைய புடிங்க நைனா. பழைய மடிப்பு மாறாம மடிச்சி வச்சிடலாம்."