மாவு டப்பாவுக்குள் ஸ்க்ரூடிரைவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு நலம் என்று எழுதத்தான் ஆசை. மாலைக்குள் அது உண்மையானால் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கத்தி, கத்திரிக்கோல், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் வழக்கம்போல மாவு டப்பாவுக்குள் புதைத்தேன். தம்பி மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகிறது. சுவருக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வீடு முழுக்க நடக்கிறான். எனக்குத் தெம்பில்லை அண்ணா. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மனநல விடுதிக்கே அவனை அனுப்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போங்கள்.

இதுவரை காலையில் எழுதியது. இந்த இடத்தில் அவன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான், கூப்பிட்டால் பதில் இல்லை, நான் பதறிப்போய்ப் போலீசுக்கு போன் செய்துவிட்டேன். உங்கள் முகம் போகும் போக்கு இங்கிருந்தே தெரிகிறது. லத்தியோடு யாரும் வரவில்லை அண்ணா. இப்போதெல்லாம் இந்த மாதிரி அழைப்புக்கு ஒரு போலீஸ்காரரும் ஒரு மனநல டாக்டரும் ஒரே வண்டியில் வருகிறார்கள். போலீஸ்காரர் பூட்ஸை வாசலிலேயே கழற்றினார், ஒரு காலுறையில் ஓட்டை. நான், "கதவை உடைங்க! ஐயோ, உடைக்காதீங்க, பயந்துருவான்! தட்டுங்க! தட்டாதீங்க!" என்று கத்திய கத்தலில் டாக்டரம்மா முதலில் என் கையைத்தான் பிடித்தார். "உள்ள இருக்கிறவரை அப்புறம் பாக்கலாம், நீங்க உக்காருங்கம்மா."

அந்த நேரம் பார்த்துப் போலீஸ்காரர் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரவென்று பேசியது. உள்ளேயிருந்து தம்பி அலறினான்: "கேட்டியா அக்கா! நான் சொன்னப்ப நம்புனியா?"

எனக்கு உயிரே போய்விட்டது. போலீஸ்காரர் கதவோரம் குனிந்து, "தம்பி, இது சுவரு இல்ல, எங்க அதிகாரி. எனக்கும் இவரு குரல் ஆகாது. நீங்களே அணைச்சிடுங்க" என்றார். கதவு ஒரு சாண் திறந்தது, ஒரு கை வந்தது, வாக்கிடாக்கி போனது, கதவு மூடியது.

"திருப்பித் தருவாரா?" என்று கிசுகிசுத்தார் டாக்டரம்மா.

"தரலைன்னா நானும் உள்ள போய் உக்காந்துக்க வேண்டியதுதான்."

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்: "வாக்கிடாக்கியை நகத்தாலயே திறந்துட்டேன், மூட வரல. அக்கா, மாவு டப்பாலருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வா. கத்தியை அங்கயே விடு, நீ பயப்படுவே."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "குடுங்க" என்றார். வழியெல்லாம் மாவு சிந்தக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவு முழுதாகத் திறந்தது. அவர்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து வாக்கிடாக்கியை மூடினார்கள். அதற்குள் பேச்சோடு பேச்சாக, மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது, அதனால்தான் நிறுத்தினேன் என்று தம்பி சொல்லிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். அடுத்த வாரம் இருவருமே வந்து பார்ப்பார்களாம். வாக்கிடாக்கிக்கு மட்டும் அவர்கள் கிளம்பும்போதும் இருமல் நிற்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தூங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: கத்தி எங்கே இருக்கிறது என்று அவனுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. என் நிம்மதிக்காகத் தெரியாதவன்போல இருந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆனால் சாப்பிட மட்டும். தம்பி இங்கேதான் இருப்பான். கத்தியைக் கழுவி அதன் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன், பயம் போகவில்லை. அவன் இங்கேயே இருக்கட்டும் என்ற முடிவை உங்களைத் தவிர இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடம்கூட.